குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025: நடைமுறையில் உண்மையில் என்ன மாறியிருக்கிறது?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். 2025 செப்டம்பர் 1 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பக்கம் "ஊடுருவலுக்கு முற்றுப்புள்ளி" என்கிறார்கள். இன்னொரு பக்கம், பழைய சட்டங்களைச் சேர்த்துத் தைத்துப் புது அட்டை போட்டதுதான் என்கிறார்கள். இரண்டுமே தலைப்புச் செய்தியாக இருக்கிறதே தவிர, விவரம் கிடைக்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தண்டனை எவ்வளவு கூடியிருக்கிறது, கைது செய்ய யாருக்கு அதிகாரம்? மாடிப் போர்ஷனை வெளிநாட்டு மாணவருக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்? இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு விலக்கு என்று ஓர் ஆணை வந்ததே, அதை "குடியுரிமை கிடைத்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். அது சரியா? கடைசியாக, இந்தச் சட்டத்தால் எல்லையில் ஏதாவது மாறுமா?

வழக்குக்கட்டு:

முதலில் எலும்புக்கூடு. மசோதா 2025 மார்ச் 11 அன்று மக்களவையில் அறிமுகமானது. மார்ச் 27 அன்று அங்கும் ஏப்ரல் 2 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. மொத்தம் 36 பிரிவுகள். நான்கு சட்டங்கள் இதனால் நீங்கின: 1920-ன் கடவுச்சீட்டு (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 1939-ன் வெளிநாட்டினர் பதிவுச் சட்டம், 1946-ன் வெளிநாட்டினர் சட்டம், 2000-ன் விமான, கப்பல் நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய சட்டம். முதல் மூன்றும் வெள்ளைக்காரன் காலத்தவை.

"புது அட்டை" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மாறாமல் அப்படியே வந்த பகுதிதான் அதிக வலுவுள்ளது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தண்டனை.

செல்லத்தக்க பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே நுழைந்தால் பிரிவு 21. ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி ஆவணம் என்று தெரிந்தே பயன்படுத்தினாலோ, பிறருக்குக் கொடுத்தாலோ பிரிவு 22. இங்கே குறைந்தபட்சத் தண்டனை உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். விசா முடிந்தும் தங்கினாலோ, விசா நிபந்தனையை மீறினாலோ பிரிவு 23. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. 2004 திருத்தத்துக்குப் பிறகு 1946 சட்டத்தில் போலிப் பாஸ்போர்ட்டுக்கு எட்டு ஆண்டு வரை சிறை இருந்தது, அபராதம் 10,000 முதல் 50,000 வரை. புதுச் சட்டத்தில் சிறையின் உச்சம் ஓர் ஆண்டு குறைந்திருக்கிறது, அபராதம் பல மடங்கு ஏறியிருக்கிறது. ஆகவே "தண்டனை கடுமையாகிவிட்டது" என்பதைப் பிரிவு பிரிவாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஏறியது பெரும்பாலும் பணம். விமான நிறுவனங்களுக்கும் அப்படித்தான்: ஆவணமில்லாதவரை ஏற்றி வந்தால் 2000-ன் சட்டத்தில் 1 லட்சம், இப்போது 2 முதல் 5 லட்சம். கட்டவில்லையென்றால் விமானத்தையோ கப்பலையோ நிறுத்திவைக்கலாம். அதனால்தான் வெளிநாட்டு விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கொடுப்பவர் விசாவை அத்தனை தடவை புரட்டிப் பார்க்கிறார்.

கைது: தலைமைக் காவலர், அதாவது ஏட்டு, அந்தத் தகுதிக்குக் குறையாத எந்தப் போலீஸ்காரரும் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். பிரிவு 26. ஆனாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசமைப்புச் சட்டப் பிரிவு 22 வெளிநாட்டவருக்கும் பொருந்தும், எதிரி நாட்டவர் மட்டும் விலக்கு. தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமையும் உண்டு. வியன்னா தூதரக உடன்படிக்கையின் 36-ம் பிரிவு அதைத் தருகிறது. கைதானவரிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் கவலை.

இப்போது மாறாமல் வந்த பகுதி. 1946 சட்டத்தின் 9-ம் பிரிவு, புதுச் சட்டத்தின் 16-ம் பிரிவு: "நான் வெளிநாட்டவன் அல்ல" என்று நிரூபிக்கும் பாரம் அந்த மனிதர் தலையில்தான். சாதாரணக் கிரிமினல் வழக்கில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், இங்கே தலைகீழ். அசாமுக்காக மட்டும் 1983-ல் வந்த ஒரு சட்டம் இந்தப் பாரத்தை அரசின் பக்கம் வைத்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கிவிட்டது. அதன் பிறகு நாடு முழுக்க ஒரே விதி.

ஆனால் 2024 ஜூலை 11 அன்று அசாமிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சேர்த்தே படிக்க வேண்டும். யாரோ ஒருவரைத் தெருவில் நிறுத்தி "நீ இந்தியன் என்று காட்டு" என்று அதிகாரி கேட்க முடியாது. சந்தேகத்துக்கு அடிப்படையாகக் கையில் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும், அதை அந்த மனிதரிடம் கொடுக்கவும் வேண்டும். அதன் பிறகே பாரம் அவரிடம் போகும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, பிறந்த தேதியில் சிறு முரண் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆவணத்தைத் தள்ளக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வழக்கு நடத்துபவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த அடிப்படை ஆதாரத்தின் நகலைத்தான். அதைக் கேட்காமல் நேரடியாக ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் கொண்டுபோய்க் கொட்டினால், எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமலே பதில் சொல்கிறோம் என்று பொருள்.

இன்னொரு குறை. நுழைவை மறுக்கும் இமிகிரேஷன் அதிகாரியின் முடிவே இறுதியானது என்று பிரிவு 3 சொல்கிறது. சட்டத்துக்குள் மேல்முறையீட்டுக்கு வழி வைக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அதை எந்தச் சட்டமும் பறிக்க முடியாது. ஆனால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படப் போகிறவர் எந்த நேரத்தில் ரிட் போடுவார்? ஓர் எளிய மறுஆய்வு வழியையாவது வைத்திருக்க வேண்டும்.

முகப்புமேசை:

வீட்டுக்காரர் கேள்விக்கு வருகிறேன். பிரிவு 8 தங்குமிடம் தருபவருக்கு, பிரிவு 9 கல்வி நிறுவனத்துக்கு, பிரிவு 10 மருத்துவமனைக்கு. மூவரும் தங்களிடம் உள்ள வெளிநாட்டவர் பற்றிப் பதிவு அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும். மருத்துவமனை என்றால் உள்நோயாளி மட்டுமல்ல, அங்கேயே தங்கவைக்கப்படும் துணையாளும் சேர்த்தி. இதைப் பல மருத்துவமனைகள் விட்டுவிடுகின்றன.

ஓட்டல்காரர்கள் வாயில் இது இன்னமும் "ஃபார்ம் சி"தான். ஆள் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். 24 மணி நேரம் என்பது அவர் இந்தியாவில் இறங்கியதிலிருந்து அல்ல, உங்கள் வீட்டில் தங்க வந்ததிலிருந்து. வந்ததை மட்டும் ஏற்றிவிட்டுக் காலி செய்ததை விட்டுவிடுவது வழக்கமான தவறு. அப்படி விட்டால் கணக்கில் அந்த ஆள் இன்னும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பிறகு அவர் எங்கேயோ சிக்கினால் முதல் போன் உங்களுக்குத்தான்.

முறை இப்படி. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் தளத்தில், அதாவது எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில், முதலில் உங்கள் இடத்தைப் பதிவு செய்து ஒரு பயனர் கணக்கு வாங்க வேண்டும். உரிமையாளர் விவரம், முகவரி, எத்தனை அறை என்பதெல்லாம் கேட்கும். அந்தக் கணக்கை அதிகாரி அங்கீகரித்த பிறகுதான் படிவம் ஏற்ற முடியும். அங்கீகாரம் உடனே வராது. ஆகவே வாடகைக்கு வரப்போகிறவர் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது கணக்கு தொடங்காதீர்கள், போர்ஷனை வெளிநாட்டவருக்கு விடலாம் என்று முடிவெடுத்த வாரமே தொடங்கிவிடுங்கள். சென்னையில் எஃப்.ஆர்.ஆர்.ஓ. அலுவலகம் இருக்கிறது, மாவட்டங்களில் பொதுவாக எஸ்.பி.தான் பதிவு அதிகாரி.

படிவத்தில் கேட்பவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், அது எங்கே எப்போது வழங்கப்பட்டது, எப்போது முடிகிறது, விசா எண், வகை, காலாவதித் தேதி, இந்தியாவுக்குள் வந்த தேதி, எங்கிருந்து உங்களிடம் வந்தார், எத்தனை நாள் இருப்பார், அடுத்து எங்கே போகிறார், புகைப்படம். இதற்காக வாங்க வேண்டிய நகல் மூன்று: படம் உள்ள பாஸ்போர்ட் பக்கம், விசாப் பக்கம், நுழைவு முத்திரை உள்ள பக்கம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், முதலிடம் தேதிக்கு. சில நாட்டுக்காரர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், அவர் சொல்லச் சொல்ல ஏற்றினால் 04/07 என்பது 07/04 ஆகிவிடும். பாஸ்போர்ட்டைப் பார்த்தே ஏற்றுங்கள். அடுத்தது பெயர். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், இடம் மாற்றிப் போட்டால் இமிகிரேஷன் பதிவோடு பொருந்தாது. மூன்றாவது, இ-விசாவில் வருபவர் காட்டும் தாளில் விண்ணப்ப எண்ணும் இருக்கும். அதை விசா எண் என்று நினைத்து ஏற்றிவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. வீட்டுக்காரர் ஏற்றும் படிவம் வேறு, வெளிநாட்டவர் தானே செய்துகொள்ள வேண்டிய பதிவு வேறு. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர், வேலை, ஆராய்ச்சி, மருத்துவ விசாவில் வருபவர் பொதுவாக வந்த 14 நாளுக்குள் தானே பதிவு செய்ய வேண்டும். பாகிஸ்தானியருக்கு இந்தக் கெடு 24 மணி நேரம். "வீட்டுக்காரர் ஏற்றிவிட்டாரே" என்று மாணவரும், "காலேஜ் பார்த்துக்கொள்ளும்" என்று வீட்டுக்காரரும், "ஹாஸ்டலில் இல்லையே, வீட்டுக்காரர் பாடு" என்று கல்லூரியும் இருந்துவிட்டால் மூன்று பேருக்குமே சிக்கல். மூன்றும் தனித்தனிக் கடமை, ஒன்று இன்னொன்றை ஈடு செய்யாது. வாடகை ஒப்பந்தத்திலேயே "பதிவுச் சான்றின் நகலை 15-வது நாளுக்குள் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. கனடா பாஸ்போர்ட் உள்ள அக்கா மகன் ஒரு மாதம் வந்து வீட்டில் தங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். வாடகை இல்லை, சொந்தம். அப்போதுமா? ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தால்?

முகப்புமேசை:

ஏற்றிவிடுங்கள். ஓட்டல், தர்மசாலை, மருத்துவமனை என்ற வரிசையில் தனி வீடுகளையும் சேர்த்துத்தான் எஃப்.ஆர்.ஆர்.ஓ. சொல்கிறது. கட்டணம் இல்லை, கணக்கு தொடங்கிவிட்டால் ஓர் ஆளுக்குப் பத்து நிமிட வேலை.

ஓ.சி.ஐ. என்பது ஆயுள் முழுக்க வந்துபோகும் உரிமை. பெயரில் "குடிமகன்" என்று இருந்தாலும் இந்தியக் குடியுரிமை அல்ல, சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்தான். அவர் தனியாகப் பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை என்ற சலுகையை, அவரைத் தங்கவைப்பவரும் தகவல் தர வேண்டாம் என்று நீட்டிப் படிக்கக் கூடாது.

அப்படியே இதையும் சொல்லிவிடுகிறேன். விசா முடிந்துவிட்டால் நேராக ஏர்போர்ட்டுக்குப் போய் "அபராதம் கட்டிவிட்டுப் போகிறேன்" என்று நிற்கக் கூடாது. முதலில் அதே தளத்தில் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அபராதம் அங்கே கணக்காகும், அனுமதி வந்த பிறகே டிக்கெட். டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, கவுண்டரில் நிறுத்தப்பட்டு, டிக்கெட் பணத்தையும் இழப்பவர்கள் நிறைய. ஆஸ்பத்திரியில் இருந்ததால் காலம் கடந்தது என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் தெளிவாக இருக்க வேண்டும்.

நெய்தல்திணை:

வாட்ஸ்அப் செய்தி தவறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை நம்பி மக்கள் செய்ய வேண்டிய விண்ணப்பங்களைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

2025 செப்டம்பர் தொடக்கத்தில் மத்திய உள்துறை வெளியிட்ட விலக்கு ஆணை பிரிவு 33-ன் கீழ் வந்தது. அதில் பல வகையினர் இருக்கிறார்கள். நேபாள, பூடான் எல்லை வழியாக வரும் அந்நாட்டவர், திபெத்தியர், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தானிலிருந்து 2024 டிசம்பர் 31 வரை வந்த இந்து, சீக்கிய, பௌத்த, ஜைன, பார்சி, கிறிஸ்தவர். இவர்களோடு, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர். இவர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காக இந்தச் சட்டப்படி தண்டிக்கப்பட மாட்டார்கள். ஆணை சொல்வது அவ்வளவே. பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. நாற்பது ஆண்டாக இந்த மண்ணில் இருப்பவர்மீது "ஆவணமில்லை" என்று வழக்குப் போட முடியாது என்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் வழக்கு வராது என்பதும், குடிமகன் என்பதும் வேறு வேறு. குடியுரிமையை முடிவு செய்வது 1955-ன் குடியுரிமைச் சட்டம். அதன் 2(1)(பி) பிரிவில் "சட்டவிரோதக் குடியேறி" என்று ஒரு வரையறை இருக்கிறது. அந்த முத்திரை உள்ளவர் பதிவு மூலமாகவோ, நீண்ட காலம் வாழ்ந்ததன் மூலமாகவோ குடியுரிமை கேட்க முடியாது. விலக்கு ஆணை அந்த வரையறையைத் தொடவே இல்லை. 2019 திருத்தம் அந்த மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கு முத்திரையை நீக்கியது, இலங்கையைச் சேர்க்கவில்லை. அங்கும் கெடு இன்னும் 2014 டிசம்பர் 31-தான். 2024 என்பது தண்டனை விலக்குக்கான தேதி. இரண்டு தேதியையும் பத்திரிகைகளே குழப்புகின்றன.

பிறந்த தேதிதான் பலருக்குத் திறவுகோல், ஆகவே அதைத் துல்லியமாகப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் பிறந்த நேரத்தில் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து, இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் ஆணையிட்டது இந்த முதல் விதிப்படிதான். 1983-க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகளில் 1987 ஜூன் 30-க்குள் பிறந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகாம் அடையாள அட்டை போதாது, பதிவு செய்யப்பட்ட பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்பு அப்போது பதியப்படவில்லை என்றால் தாமதப் பதிவுக்கு முதலில் போக வேண்டும். அதை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டால் நிராகரிப்புக் கடிதம்தான் வரும்.

இரண்டாம் கூட்டம், மலையகத் தமிழர், அதாவது இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். 1964 அக்டோபர் 30 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. 1974-ல் மீதி ஒன்றரை லட்சத்தில் பாதியையும் ஒப்புக்கொண்டது. அந்தக் குடும்பங்களில் சிலர் கப்பலில் முறையாக வராமல், கலவரத்துக்குப் பயந்து படகில் வந்ததால் முகாமில் "அகதி" ஆனார்கள். இவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைக் கனிவோடு பார்க்கும்படி 2019 ஜூனில் மதுரைக் கிளை கூறியது. தாத்தாவின் தோட்டப் பதிவு, இந்தியக் கிராமத்தின் பெயர் உள்ள பழைய கடிதம், பத்திரம் என எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

யாருக்கு இந்த விலக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் பிள்ளைகுட்டிகளோடு தனுஷ்கோடி மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 2015 கெடுவுக்கு வெளியே நிற்கிறார்கள். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, உள்நாட்டில் அகதிச் சட்டமும் இல்லை. ஆக, போர்க்காலத்தில் வந்தவருக்கும் இவருக்கும் இடையே இருப்பது ஒரு தேதி மட்டும்தான். புதுச் சட்டம் எழுதும்போது "அகதி" என்ற சொல்லுக்கு ஒரு பிரிவு ஒதுக்கியிருந்தால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு விலக்கு ஆணை போட வேண்டியிருந்திருக்காது. ஆணையால் வந்ததை இன்னோர் ஆணையால் எடுத்துவிடலாம். முகாமில் மூன்றாம் தலைமுறை பிறந்துவிட்ட பிறகும் இந்த நிலை நீடிப்பது நியாயமே இல்லை.

எல்லைக்கல்:

எல்லை பற்றிய கடைசிக் கேள்விக்கு. நேரடியாகச் சொன்னால், ஆள் உள்ளே வராமல் தடுப்பதில் இந்தச் சட்டத்துக்குப் பங்கு குறைவு. வந்த பிறகு கண்டுபிடிப்பதில்தான் இதன் வேலை.

இந்தியாவின் நில எல்லை 15,106 கி.மீ.க்குச் சற்று மேல். பாகிஸ்தான், பங்களாதேஷ் பக்கம் எல்லைப் பாதுகாப்புப் படை, சீனப் பக்கம் இந்தோ-திபெத் எல்லைக் காவல், நேபாளம், பூடான் பக்கம் சஷஸ்திர சீமா பல், மியான்மர் பக்கம் அசாம் ரைபிள்ஸ். நேபாள எல்லை 1,751 கி.மீ. திறந்தே கிடக்கிறது, ஒப்பந்தப்படி அப்படித்தான் இருக்க வேண்டும். மிக நீளமானது பங்களாதேஷ் எல்லை, 4,096.7 கி.மீ. அதில் சுமார் 3,232 கி.மீ.க்கு வேலி முடிந்துவிட்டதாக அரசு 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் கூறியது. மீதி 864 கி.மீ.யில் ஏறத்தாழ 174 கி.மீ. ஆறு, சதுப்பு, நிலச்சரிவு உள்ள இடம், அங்கே வேலியே போட முடியாது.

மீதி ஏன் முடியவில்லை? முக்கியமான காரணங்களில் இரண்டு. ஒன்று, நிலம் கையகப்படுத்தல். அது மாநில அரசின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது. மற்றது 1975-ல் இரு நாடும் செய்துகொண்ட எல்லை வழிகாட்டு நெறி. எல்லைக் கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் தற்காப்புத் தன்மையுள்ள கட்டுமானம் கூடாது. வேலியும் அந்த வகையில் வரும் என்று பங்களாதேஷ் ஆட்சேபிக்கிறது. ஆகவே பல இடங்களில் வேலி 150 கெஜம் உள்ளே தள்ளி ஓடுகிறது, வேலிக்கு வெளியே இந்திய வயலும் இந்திய வீடுகளும் மாட்டிக்கொள்கின்றன. அங்குள்ள விவசாயி குறிப்பிட்ட நேரத்தில் திறக்கும் கேட்டு வழியாக அடையாள அட்டையைக் காட்டி உழப் போய் வருகிறார். எந்தச் சட்டப் பிரிவும் இதைச் சரி செய்யாது.

அடுத்தது பிடித்த பிறகு. எல்லைப் பாதுகாப்புப் படைக்குக் கைது, சோதனை, பறிமுதல் அதிகாரம் உண்டு. 2021 அக்டோபரில் பஞ்சாப், மேற்கு வங்கம், அசாமில் அந்த அதிகாரம் 15 கி.மீ.யிலிருந்து 50 கி.மீ. வரை நீட்டப்பட்டது. ஆனால் புலன்விசாரணை அவர்களுடையதல்ல, ஆளை உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர்., வழக்கு, தண்டனை எல்லாம் முடிந்த பிறகு நாடு கடத்தல். தேக்கம் விழுவது அங்கேதான். "இவர் எங்கள் குடிமகன்" என்று அந்த நாடு உறுதி செய்து பயண ஆவணம் தராமல் முறைப்படி அனுப்ப முடியாது. முகவரி தவறாகவோ அரைகுறையாகவோ போனால் கோப்பு திரும்பி வரும், ஆள் தண்டனை முடிந்தும் தடுப்பு மையத்தில் கிடப்பார். கைதான முதல் நாளே கிராமம், காவல் நிலைய எல்லை, தந்தை பெயர், உறவினர் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரியாக எழுதி வாங்கினால் மாதங்கள் மிச்சமாகும். தண்டனையை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தினாலும் இந்தத் தேக்கம் கரையாது.

அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டி, விசாரணையே இல்லாமல் எல்லையில் தள்ளிவிடுவது இன்னும் ஆபத்து. தள்ளப்பட்டவர் இந்தியராக இருந்துவிட்டால் அவரைத் திரும்பக் கொண்டுவர அந்த நாட்டின் கருணையை எதிர்பார்க்க வேண்டும். வங்க மொழி பேசும் இந்தியருக்கும் பங்களாதேஷியருக்கும் பேச்சில் வித்தியாசம் காண்பது எளிதல்ல. மொழியை வைத்துப் பிடிப்பது புலனாய்வு ஆகாது.

நம் கடல் பக்கம் கதை வேறு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. கடலோரக் காவல் படை, கடற்படை, மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று மூன்று கை இருக்கின்றன. வேலி கிடையாது, மீனவர் கொடுக்கும் தகவல்தான் முதல் வேலி.

வைகைக்கரை:

அப்படியானால் எல்லை தாண்டி வரும் இலங்கை மீனவர் மீதும் பிரிவு 21-தானா?

வழக்குக்கட்டு:

மீன்பிடிக்கும் படகு பிடிபட்டால் பொதுவாக 1981-ன் இந்தியக் கடல் மண்டல (வெளிநாட்டுப் படகுகள் மீன்பிடித்தலை ஒழுங்குபடுத்தும்) சட்டம்தான் வரும். அது தனிச் சட்டம். கரையேறித் தங்கிவிட்டாலோ, ஆளைக் கடத்தி வந்தாலோ கதை மாறும்.

இன்னொன்று, நெய்தல்திணை சொன்னதற்குத் தொடர்ச்சி. 2025 செப்டம்பர் 1-க்கு முன் பதிவான வழக்குகள் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் நிறைய. பழைய சட்டம் நீங்கியதால் வழக்கு தானாக விழாது, பழைய சட்டப்படியே நடக்கும். குற்றம் நடந்த நாளில் இருந்ததைவிடக் கூடுதலான தண்டனை தரவும் முடியாது, அரசமைப்புச் சட்டப் பிரிவு 20(1) அதைத் தடுக்கிறது. நுழைவு வழக்கு என்றால் நுழைந்த நாள் எது என்பது தெளிவு. விசா கடந்து தங்கிய வழக்கில்தான் வாதம் வரும். ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை தங்கியிருந்தால் அது தொடர் குற்றம், புதுச் சட்டம் பொருந்தும் என்று அரசுத் தரப்பு சொல்லும். ஆகவே குற்றப்பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அதில் எழுதியிருக்கிறார்கள், எந்தச் சட்டத்தின் பிரிவைப் போட்டிருக்கிறார்கள் என்பதை. இரண்டும் ஒட்டவில்லை என்றால் குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே, அதாவது எந்தக் குற்றத்துக்கு விசாரிப்பது என்று நீதிமன்றம் முடிவு செய்யும்போதே, ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், தீர்ப்புக்குப் பிறகு கிளப்பினால் வலு குறையும்.